திருத்துமிடம்

கச்சேரிக்கு எதிரே, ஒழுங்கை தொடங்குகிற இடத்தில் என் கடை.
ஒரு போட்டோகொப்பி மெசின், ஒரு லமினேற்றர்.
பதினொரு வருடம் வளைகுடாவில் காவா ஊற்றிய காசு
இந்த மெசின்.

அந்த வீட்டுப் பாபா அமைச்சில் பெரியவர்.
சீர்திருத்தக் குழு அவருடைய மஜ்லிஸில்தான் கூடும்.
'இஸ்லாஹ்' என்பார்கள், ஏலக்காய் வாசத்தோடு.
அந்தச் சொல் எனக்குப் பழக்கம்.
ஏசி திருத்த வருகிற மலையாளியின் வானிலும்
அதைத்தான் எழுதியிருந்தது.
எங்கள் ஊரிலும் அப்படித்தானே,
சைக்கிளையும் திருத்துகிறோம், சமூகத்தையும் திருத்துகிறோம்.
மலையாளி ஒரு மணித்தியாலத்தில் வேலை முடித்துப் போய்விடுவான்.
குழு நாலு வருடம் கூடியது.

தேர்தல் வேணும்தான், ஆனால் கோத்திரங்கள் அடிபடும்.
பெண்பிள்ளைகள்? ஷேக்குமார் சம்மதிக்கட்டும்.
எண்ணெய்க் காசு இருக்கும்வரை
சனம் ஏன் கேட்கப் போகுது?
காசு முடிந்த பிறகு கேட்டால்
எதைக் கொடுக்கிறது?
போதும் என்பதற்குச் சின்னக் கோப்பையை ஆட்டிக் காட்டுவது
அங்கே வழக்கம்.
என்னைப் பார்த்து எல்லாரும் ஆட்டினார்கள்.
அரண்மனையைப் பார்த்து ஒருவரும் ஆட்டவில்லை.

பிறகு அந்த மாசி மாதம்.
மகள் லுல்வா குசினித் தரையில் குந்தியிருந்து
வெள்ளைத் துணியில் எழுதினாள்.
மை காய என்னை அயர்ன் பிடிக்கச் சொன்னாள்.
என்ன எழுத்து என்று கேட்டேன். உரிமை என்றாள்.
ஆருக்கு?
எல்லாருக்கும்.
அப்ப என்ர பாஸ்போட்?
அவள் பாபாவின் அலுமாரியைப் பார்த்தாள்.
'புக்ரா' என்றாள். நாளைக்கு.

அதே மேசையில், அதே சூட்டில்
அவள் தம்பி ஃபஹத்தின் பொலிஸ் சீருடையையும்
தேய்த்தேன்.
இரண்டையும் அடுத்தடுத்து மடித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் இரவு அவளைப் பூட்டியது அரசாங்கம் அல்ல.
பாபா பூட்டினார். அழுதுகொண்டே பூட்டினார்.
திறப்பை என் கையில் தந்தார்.
'உன்னை நம்புறன்.'
ஏழு மாதச் சம்பளம் பாக்கி.

அவள் கதவுக்குப் பின்னால் என் பெயரைச் சொன்னாள்,
முதல் தடவையாகச் சரியாக உச்சரித்து.
திறப்பு என் சட்டைக்குள் ஈரமாகிக் கிடந்தது.
சதுக்கத்தில் சுடுகிற சத்தம்
டிவியிலும் யன்னலிலும் ஒரே நேரத்தில் கேட்டது.
நான் வெங்காயம் வெட்டினேன்.

இதை யாருக்கும் சொன்னதில்லை.
அரபு நாட்டில் ஏன் ஒன்றும் மாறுதில்லை என்று
கடைக்கு வாற மாஸ்டர்மார் பேப்பரை விரித்து வைத்துப் பேசுவார்கள்.
மன்னர், மதம், எண்ணெய், அமெரிக்கா.
நான் பக்கங்களை எண்ணி
ஸ்ரேப்ளர் அடித்துக் கொடுப்பேன்.

நேற்றுப் பின்னேரம் ஒரு பெட்டை வந்தாள்.
டிலக்சிகா, கம்பஸில் இரண்டாம் வருடம்.
ஒரு மனு. அறுபது பிரதி வேணும்.
எங்கள் கோயில் தேர்வடத்தை
வாய்க்காலுக்கு அங்கால இருக்கிற சனமும் தொடலாம் என்று
நிர்வாகம் எழுத்தில் தரவேணுமாம்.

கடைக்காணி திருச்செல்வத்தாருடையது.
அவர்தான் கோயில் பொருளாளர்.
வாடகை மூன்று மாதம் நிற்குது.
நல்ல மனிசன், ஒருநாளும் கேட்டதில்லை.

'மெசின் திருத்தக் கிடக்குது பிள்ளை,
நாளைக்கு வாங்கோ.'

மெசின் எனக்குப் பின்னால் பச்சை லைற்றோடு
இரைந்துகொண்டு நின்றது.
அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மனுவை மேசையில் வைத்துவிட்டு
சைக்கிளை எடுத்தாள்.

சட்டரைப் பாதி இழுத்துவிட்டு நெடுநேரம் நின்றேன்.
பிறகு மூடியைத் தூக்கி
அந்தத் தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன்.
வெளிச்சம் ஒருமுறை அடியால் போய் வந்தது.

ஒரே ஒரு பிரதி.
சூடாக இருந்தது.
சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.