பொருந்தாத பெயர்

மூன்று மணிக்கே மின்சாரம் போனது.
நோசகாரேயின் டயர் கடை ஜெனரேட்டர்
இருமி இருமிக் கடைசியில் பிடித்துக்கொண்டது.
பெனின் சிட்டியின் செம்மண் தூசி
கைபேசித் திரையில் படிந்திருக்கிறது.
கட்டைவிரலால் துடைக்கிறேன்.
கவனம், ஐசோகென்,
அதே விரலுக்கு அடியில்தான் இருக்கிறது
'நாணயத்தை விடுவி' என்ற பொத்தான்.

இருநூற்றுப் பத்து டிஜிட்டல் டாலர்.
துருக்கித் தொடர் ஒன்றுக்குப்
பதினொரு இரவு வசனவரி எழுதிய கூலி.
நைராவாக மாறினால்தான்
வெள்ளிக்கிழமை வாடகை.

முதலில் வந்தவன் அவசரக்காரன்.
"சிஸ்டர், போட்டாச்சு. விடுங்க."
உடனே ஒரு குறுஞ்செய்தி:
வங்கியின் பெயர்,
என் கணக்கின் கடைசி நான்கு எண்கள்,
மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம்,
காற்புள்ளிகூட அதனதன் இடத்தில்.

என் பிழைப்பே இதுதானே:
திரைக்கு அடியில் ஒரு வரி ஓடும்,
உதடு வேறெதையோ சொல்லும்.
வங்கிச் செயலியைத் திறந்தேன்.
நான்காயிரத்து முந்நூறு நைரா.
நேற்று ரொட்டி வாங்கிய மிச்சம்,
அசையாமல் அப்படியே.
சட்டி காலி;
அகப்பையில் மட்டும் ஆவி பறக்கிறது.

"நெட்வொர்க் மெதுவாம்.
என் மனைவி பிரசவ வார்டில்.
உங்களுக்குக் கடவுள் பயமே இல்லையா?"
இருக்கிறது, தம்பி.
கடவுள் இதுவரை எனக்கு
எஸ்.எம்.எஸ். அனுப்பியதில்லை.

ஆறரை மணிக்கு இரண்டாமவன்.
எஃபோசா இயாமு,
நூற்று நாற்பது வியாபாரம், பச்சை டிக்.
பேச்சே இல்லை. பணம் வந்தது.
குறுஞ்செய்தியில் இல்லை, கணக்கிலேயே.
மூன்று முறை மூடித் திறந்தேன்,
மூன்று முறையும் இருந்தது.

அனுப்பியவர்: ராலியத் அடேதுஞ்சி.

"என் அண்ணி" என்றான்.
நான் கேட்கவே இல்லை.

போன ஆண்டு நோசகாரேக்கும்
இப்படி ஒரு அண்ணி பணம் அனுப்பினாள்.
நான்கு மாதம் முடங்கிய கணக்கு.
இரவுப் பேருந்தில் அபெயோகுட்டா போய்
ஓர் இன்ஸ்பெக்டரின் மின்விசிறிக்குக் கீழே
தான் திருடன் இல்லை என்பதை
ஆங்கிலத்திலும் யொரூபாவிலும் சொன்னான்.
அவன் தாய்மொழி இரண்டும் அல்ல.

விடவில்லை நான்.
பெயர் பொருந்தவில்லை என்று சந்தைக்காரர்களிடம்
முறையீடு போட்டேன்.
எஃபோசா இறங்கி வந்தான்:
"சரி, பணத்தைத் திருப்பி விடுங்க.
இந்தக் கணக்குக்கு."
அது மூன்றாவது பெயர்.

வாடகைப் பணம் கையில்;
கையோ என்னுடையதில்லை என்பது போல
அதைப் பார்த்துக்கொண்டே விடியவைத்தேன்.
யார் இந்த ராலியத்?
இலோரினில் துணி விற்பவளா?
துறைமுகத்தில் பார்சல் நிற்கிறது என்று
எவனோ இனிக்க இனிக்கப் பேச
ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டவளா?
அல்லது நிஜமாகவே ஓர் அண்ணியா?
இதற்கு நான் வசனவரி எழுத முடியாது.
ஒலியே வரவில்லை.

காலை, வங்கி வரிசையில் பதினேழாவது ஆள்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்
பெயரைத் தட்டினாள், நிமிர்ந்தாள், குரல் தாழ்ந்தது.
"நேற்றிரவே புகார் வந்திருக்கிறது.
அழுதுகொண்டே பேசினார்களாம்."
வந்த கணக்குக்கே திருப்ப
ஒரு படிவம் நீட்டினாள்.

கடைசிக் கட்டம்: விவரம்.
முப்பது எழுத்துக்கு இடம்.
சின்ன இடத்தில் பெரிய பேச்சை அடைப்பது
எனக்குப் பழகிய வேலை.
படிக்கிற கண்ணுக்கு இரண்டு நொடி கொடுத்து
எழுதினேன்:

உங்கள் பணம். எண்ணை மாற்றுங்கள்.

வெளியே வெயில் ஏறிவிட்டது.
நாணயம் இன்னும் விற்கவில்லை.
வீட்டுக்காரர் அழைக்கிறார்;
அவர் பெயர் மட்டும்
திரையில் மிகச் சரியாகப் பொருந்துகிறது.