பத்தொன்பது

குரோனிங்கன் நகரில் மழை பெய்யாத ஒரு செவ்வாய்.
ரொட்டி வாங்கிய காகித உறையில்
ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி ஒன்றை
எங்கள் ஏல நிறுவனத்துக்குக் கொண்டுவந்தாள் ஃபென்னா.
மேலே ஒட்டிய சீட்டில் நீல மை:
'கணக்கன். முதல் பதிப்பு. மார்ச் 1981.'

தம்பி யுர்யென் பதினோரு பிரதிகள் செய்தானாம்.
பத்தை சைக்கிள் கடைகளின் இழுப்பறைகளில்
ஈரம் தின்றுவிட்டது.
இது பதினொன்றாவது.
என்ன விலை என்று அவள் சொல்லவில்லை,
கூரை ஒழுகுவதைத்தான் சொன்னாள்.

நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.
சீட்டின் பசையை முகர்ந்தேன்.
வட்டின் பழுப்பை விளக்கடியில் சாய்த்தேன்.
செத்துப்போனவனின் பழைய ரசீதுகளை அருகில் வைத்தேன்:
ஒன்றுக்கு நீள மூக்கு வைக்கும் அதே கை.
எதிலும் மாற்றுக் குறையவில்லை.

பிறகு சுழலவிட்டேன்.
இருமிக்கொண்டே எழுந்தது.
பச்சைத் திரை கேட்டது: 'இன்று என்ன விற்றீர்கள்?'
பத்து கில்டருக்கு ஒரு சைக்கிள் மணி விற்றேன்.
வரி என்று ஒரு கில்டர் தொண்ணூறு சென்ட் சேர்த்தது.

இன்னொரு மணி விற்றேன்.
இன்னொரு ஒன்று தொண்ணூறு.

எண்பத்தொன்றில் இந்த நாட்டில்
விற்பனை வரி நூற்றுக்குப் பதினெட்டு.
பத்தொன்பது ஆனது எண்பத்து நான்கு ஜனவரியில்.
மூன்று வருஷம் முன்பே
நிதியமைச்சகத்தின் மனசு
தெரிந்திருக்கிறது இதற்கு.

யாராவது பின்னால் திருத்தியிருக்கலாம் என்று
எனக்கே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.
ஓரத்து வெட்டில் வெள்ளி நாடா
பிரிக்காமல் இருந்தது.

ஃபென்னாவிடம் எண்ணை மட்டும் சொன்னேன்.
அவள் சிரித்தாள், கொஞ்சம் அதிகமாகவே.

"எண்பத்து நான்கில் அவனிடம் ஒரு பிரதியும் இல்லை.
கால்வாய் உடைந்த டீசம்பரில் மூலமும் போய்விட்டது.
ஆறு வாரம் உட்கார்ந்து நினைவிலிருந்தே எழுதினான்,
ஒவ்வொரு வரியும், 'மன்னிக்கவும்' என்பதில்
விட்டுப்போன அந்த எழுத்து உட்பட.
அந்த வாரமெல்லாம் செய்தித்தாளில்
இந்த வரிதான்.
அது மட்டும் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது."

"மார்ச் எண்பத்தொன்று என்று ஏன் எழுதினார்?"

"அப்போதுதானே அவன் அதைச் செய்தான்?"

என் படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
செய்தவனே செய்த போலிக்கு
மூன்றாவது கட்டம் அச்சடிக்க
யாருக்கும் தோன்றியதில்லை.
பேனாவை மூடினேன், திறந்தேன்.
அவள் என் கையைப் பார்க்காமல்
ஜன்னல் வழியே
ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கூரை வைத்திருப்பவர்கள் பார்ப்பதுபோல.

அவள் போன பிறகு
மேசையில் ரொட்டித் துகள் கிடந்தது.
அதன் தேதியில் எனக்குச் சந்தேகம் இல்லை.