ஆஸ்பத்திரி மூலை

லிஸ்பனிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள் என்று
பத்து நாள் சுவருக்குப் பெயின்ட் அடித்தோம்.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு.
கீழே டைல்ஸ் கடை, மேலே எங்கள் கல்லூரி:
சுற்றுலா, விருந்தோம்பல், மூன்று வருடப் படிப்பு.
நான் ஹவுஸ்கீப்பிங் எடுக்கிறேன்.
அதாவது, படுக்கை விரிக்கச் சொல்லிக்கொடுத்துச்
சம்பளம் வாங்குகிறேன்.
என் மாமியார் இதை வெளியில் சொல்வதில்லை.

கொடி வாங்கப் போன ஏகாம்பரம்
பச்சையும் சிவப்பும் இடம் மாறித் தைத்த ஒன்றோடு
லாங்கு பஜாரிலிருந்து வியர்த்து வந்தார்.
முதல்வர் யோசித்து,
பின்பக்கம் தெரியக் கட்டச் சொன்னார்.
சரியாகிவிட்டது.

மே மாதம்.
கோட்டையைச் சுற்றிவந்த விருந்தாளிகளுக்குக்
காது மடல்வரை சிவந்திருந்தது.
இளநீரைக் குடித்துவிட்டுப் படிவத்தை எடுத்தார்கள்.
நாற்பத்தொரு கேள்வி.
பயிற்சிக் கட்டில் எத்தனை? ஒன்று.
நீச்சல் குளம்? இல்லை.
அருகில் ஆறு உண்டா என்று கேட்கவில்லை, நல்ல வேளை.
பாலாற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கடைசியில் அந்த ஒற்றைக் கட்டில்.
ஒரு மாணவி செய்து காட்டட்டும் என்றார் இனேஸ் அம்மையார்.
நான் தயார் செய்து வைத்திருந்த பெண்ணுக்கு
அன்று காலைதான் அம்மை போட்டிருந்தது.
பின்வரிசையிலிருந்து ஹேமாவதி எழுந்து வந்தாள்.

விரிப்பை உதறினாள். ஒரே உதறல்.
காற்றில் நின்றது, இறங்கியது, சுருக்கமில்லை.
மூலையைத் தூக்கி, சாய்த்து மடித்து,
மெத்தைக்கடியில் செருகினாள்.
புத்தகத்தில் அதற்கு ஆஸ்பத்திரி மூலை என்று பெயர்.
ஏன் அப்படி என்று நான் வகுப்பில் சொன்னதில்லை.
இனேஸ் கைப்பையிலிருந்து கோணமானி எடுத்தார்,
சத்தியமாக, பள்ளிப்பிள்ளை ஜியாமெட்ரி பெட்டியில் வைத்திருப்பது.
நாற்பத்தைந்து பாகை.

எங்கே கற்றாய்?

என் பெயரைச் சொல்வாள் என்று
நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

பாபுராவ் தெரு, என்றாள்.
அம்மா வேலை பார்க்கும் லாட்ஜ்.
மால்தா, டாக்கா, தன்பாத்,
எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்.
சில நாள் விடியற்காலையில் ஒரு ரூம் காலியாகும்.
ஏன் காலியாச்சு என்று கேட்கக் கூடாது.
காட்பாடியில் ஐந்து மணி ரயிலில் இறங்கி வருகிறவருக்கு
அது
யாரும் படுக்காத கட்டிலாக இருக்கணும்.

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.
இனேஸ் பேனாவை மூடினார், திறந்தார்.
முப்பத்தெட்டாம் கேள்வி,
வெளிநாட்டு விருந்தினருடன் மாணவர் அனுபவம்:
'திட்டமிடப்பட்டுள்ளது' என்று நாங்கள் எழுதியிருந்ததை
அடித்துவிட்டு
ஓரத்தில் அவர் மொழியில் ஏதோ எழுதினார்.

ஆகஸ்டில் அங்கீகாரம் வந்தது,
ஊர்ப்பெயரில் ஓர் எழுத்துக் குறைவாக.
சட்டம் போட்டு மாட்டினோம்.
ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்தை
முதல்வர் மூன்று முறை படித்தார்:
நம் பிள்ளைகள் இருவர் அங்கே போவார்கள்.
அவர்கள் பிள்ளைகள் இருவர் இங்கே,
ஆறு வாரம்,
நோயாளிகள் தங்கும் விடுதியொன்றில்.
நட்சத்திர ஓட்டல் என்பது தட்டச்சுப் பிழையோ என்று
கடிதம் போட்டுக் கேட்டோம்.
பிழையில்லை என்று பதில் வந்தது.

ஹேமாவதியின் பாஸ்போர்ட்
அப்பாவின் இனிஷியலில் சிக்கி
இன்னும் போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது.
அவளுக்குப் பதில் வேறொருத்தி விமானம் ஏறினாள்.

ஜனவரிப் பனி. நாலரை மணி.
ஆறடித் தியாகோ
பதினாலாம் நம்பர் அறையில் முட்டி போட்டு
மூலையோடு போராடுகிறான்.
தலையணைக்கடியிலிருந்து
ஒரு பிளாஸ்டிக் வளையல் உருண்டு வந்தது.
கையில் எடுத்து அவளைப் பார்த்தான்.
அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு,
மடி, என்றாள்.

வாசலில் எக்ஸ்ரே கவரோடு ஒருவர்,
குரங்குக் குல்லா, பின்னால் மனைவி.
முதலில் தென்பட்ட தியாகோவிடமே
வங்காளத்தில் என்னவோ கேட்டார்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் ஹேமாவதியைப் பார்த்தேன்.

அவள் போய்
கீசரைப் போட்டுவிட்டு வந்தாள்.