ஆடி பதினொன்று

ஆனி கடைசியிலேயே
கிரைண்டர் கல் உருட்ட ஆரம்பித்துவிடுவோம்.
விரிசல் விட்ட கற்களைக் கம்பெனியில் சும்மா தருகிறார்கள்.
ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்.
அம்மி பறந்தால் பறக்கட்டும்,
அதில் கட்டியிருப்பது பறந்துவிடக் கூடாது.

காங்கயம்பாளையம் போகிற வழியில்
மூடிப்போன மில்லின் பஞ்சுக் குடோன்.
உள்ளே ஆறு விமானம், இடமில்லாமல் வெளியே ஒன்று.
வெளியே நிற்பது எச்.டி.2.
இரண்டு பேர் உட்காரலாம்.
வால் சக்கரம் தள்ளின பக்கம் திரும்பும்,
"எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்பாள்
டிக்கெட் கிழிக்கும் ரெஜினா.

நான் பூவாத்தாள்.
கணபதியில் பம்ப்செட் கம்பெனி,
டெஸ்டிங்கில் முப்பத்தொரு வருடம்.
அதற்கும் முன்னால் இருகூரில்,
எட்டாவது படிக்கும்போதே
தலைக்கு மேல் போனதையெல்லாம் நோட்டில் ஏற்றுவேன்:
தேதி, நேரம், எத்தனை எஞ்சின், எந்தத் திசை.
'காக்கா எண்றவ' என்று பேர் வைத்தார்கள்.
கல்யாணத்தில் சீரோடு சீராக
அந்தப் பேரும் புகுந்த வீடு வந்து சேர்ந்தது.
மொத்தம் பதினேழு நோட்டு.
எழுபத்தொன்பதைக் கரையான் தின்றுவிட்டது.
அந்த வருடம் வானம் காலியாக இருந்த மாதிரியே
இப்போது ஞாபகம்.

பறக்குமுங்களா என்று கேட்பார்கள்.
இல்லைங்க.
லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?
பல்லடத்துத் தறிக்காரர் ஒருத்தர்
விரல் முட்டியால் இறக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு
"அலுமினியம் இன்னைக்குக் கிலோ என்ன ரேட்டுனு
தெரியுங்களா?" என்றார்.
தெரியும். சொல்லவில்லை.
போகும்போது உண்டியலில் ஐந்நூறு போட்டார்,
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.

காற்றின் வேகத்தை அளக்க
இறக்கையடியில் ஒரு சின்னக் குழாய் உண்டு.
மாதம் ஒருமுறை ஊசியால் மண்ணை நோண்டி எடுப்பேன்.
அளப்பதற்கு ஏதுமில்லாத வீட்டைக்
குளவி ஒருத்தி வாடகைக்கு எடுத்திருக்கிறாள்.
உள்ளே பச்சைப் புழு நாலு,
அசையாமல், சாகாமல்.
காலி பண்ணச் சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஆடி பதினொன்று ராத்திரி
பாலக்காட்டுப் பக்கம் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி.
நாலு மணிக்குக் கிட்டுசாமி போன்:
"அக்கா, வண்டி திரும்பிருச்சு."

டிவிஎஸ்ஸில் போனேன், எதிர்க்காற்று,
வழியெல்லாம் தென்னை மட்டை.
இடது கயிறு அறுந்திருந்தது. கல் அப்படியே இருந்தது.
தெற்கு பார்த்து நிறுத்தியிருந்தோம்,
பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு முகம் தெரியட்டும் என்று.
இப்போது வாலை வளைத்துக்கொண்டு
மூன்றடி நகர்ந்து
நேர் மேற்கே நின்றது.
எழும்ப வேண்டுமானால்
காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்க வேண்டும்.
ஓட்டுகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தருவது.
இதற்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

இறக்கை நுனியைப் பிடித்து அழுத்தினேன்.
ஓடுகிற மோட்டார் மேல் கை வைத்தே
வயசானவள் நான்.
எது ஓட்டம், எது வெறும் உதறல்
என்று என் கைக்குத் தெரியும்.
அது ஒரு தடவை
ஒரே ஒரு தடவை
என் கையைத் தூக்கியது.

கிட்டுசாமி டார்ச் அடித்தபடி
"புடிச்சுக்கங்க அக்கா, புடிச்சுக்கங்க" என்றான்.
பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.
யார் யாரை என்று கேட்காதீர்கள்.

ஒன்பது மணிக்குத் தண்டபாணி சார் வந்தார்.
பத்துக்குக் காமநாயக்கன்பாளையம் பள்ளிக்கூட பஸ்,
பழையபடி மஞ்சள் கோட்டுக்கு வர வேண்டும் என்றார்.
நாலு பேரும் தள்ளினோம். வந்தது.
மேலே சூலூரிலிருந்து கிளம்பிய ஜெட் ஒன்று
காதைக் கிழித்துக்கொண்டு போயிற்று.
அதை எழுத மறந்துவிட்டேன்.

பதினெட்டாவது நோட்டு, முதல் பக்கம்:
ஆடி 11, விடிகாலை, மணி சரியாகத் தெரியாது.
எஞ்சின் ஒன்று, ஓடவில்லை.
திசை மேற்கு.
அதற்குக் கீழே
நைலான் கயிறு நாற்பதடி,
பில் ரெஜினாவிடம்.