சொட்டு நீலம்

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது.
பிறகு வீட்டு ஓனருக்கு.

எல்லீஸ் நகர், கீழ்வீடு.
பாத்திரம் கழுவும் மொசைக் தொட்டிக்கு அடியில்
மரக்கதவைத் திறந்தால்
மழையில் ஊறிப்போன கோணிச்சாக்கு வாடை.
வாஷிங் மெஷின் தண்ணீரைக் கக்கும்போதெல்லாம்
அது எழுந்து
அடுப்பு வரை நடந்து வரும்.

பினாயில் ஊற்றினேன்.
சோடா உப்பும் எலுமிச்சைச் சாறும்.
கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சி ஊற்றினேன்
(அது தப்பு என்று பின்னால் தெரிந்தது).
ஊதுபத்தி கொளுத்தியபோது
மல்லிகை வாசத்தில் ஒரு சாக்கடை கிடைத்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்தார் கோமதிநாயகம் சார்.
நிலைப்படி தாண்டவில்லை.
"தப்பா நினைக்காதம்மா" என்றார்.
அப்படித் தொடங்குகிற எதுவும்
தப்பில்லாமல் முடிந்ததில்லை.
"வீட்ல என்ன சமைக்கிறீங்க?"

ஞாயிறு என்றால் அயிரை.
உயிரோடு வாங்கி, பாலில் நீந்தவிட்டு,
கல்லுப்பில் உரசி, ஐந்து தண்ணீர் கழுவி.
ஆனால் அன்று புதன்.
இரண்டு நாளாக ரசமும் பிரண்டைத் துவையலும்தான்.
சொல்லவில்லை.
அட்வான்ஸ் ஐம்பதாயிரம் அவரிடம் இருந்தது.

ஜன்னலைச் சாத்திக்கொண்டு
மீன் பொரிக்கப் பழகினோம்.
புகையில் இருமிக்கொண்டே சின்னவன் கேட்டான்:
"நாமதான் நாறுறோமாம்மா?"
அன்றைக்குத்தான் அமலதாஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து,
வாயில் செல்போனைக் கவ்வி
அதன் வெளிச்சத்தில் பார்த்தார்.
"அக்கா, இங்கிட்டு வளைவே இல்லையே."
குழாய் தொட்டியிலிருந்து நேரே
சாக்கடைக்குள் குதித்திருந்தது.
மெஷின் ஹோஸை அதன் இடுக்கில் சொருகி
பாலிதீன் பை சுற்றி
யாரோ பாவாடை நாடாவால் கட்டியிருந்தார்கள்.
உள்ளே கைவிட்டு எடுத்தார்:
துணிப்பிசிறு, உறைந்த எண்ணெய்,
கறிவேப்பிலை நரம்பு,
ஒரு கொத்து நரைமுடி.

எங்கள் வீட்டில் யாருக்கும் நரைக்கவில்லை.
அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு இருவரும் கூரையைப் பார்த்தோம்.

"சொட்டு நீலம் இருக்கா?"
அரை பாட்டிலோடு மாடியேறினார்.
சார் வீட்டம்மா ஒன்றும் மறுக்கவில்லை,
வேட்டிக்கு எப்படியும் போடுவதுதானே.

தொட்டியைப் பார்த்தபடி நின்றேன்.
மேலே தடதடவென்று சுற்றி ஓய்ந்தது.
சுவருக்குள் யாரோ வாய் கொப்பளித்தார்கள்.
பிறகு துவாரத்தில்
ஒரு நீலக் கண் திறந்தது.
நுரையாக ஏறி
காலையில் தின்ற தோசைத்தட்டைத் தொட்டு
விளிம்பு வரை வந்து
கொஞ்சம் தயங்கி
இறங்கியது.

கூப்பிட்டதும் வந்தார் சார்.
இந்த முறை நிலைப்படி தாண்டினார்.
ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.
"வெறும் சோப்புத் தண்ணிதானம்மா."
"ஆமா சார்" என்றேன்.
அமலதாஸ் அண்ணன் பேசாமல் ரம்பத்தை எடுத்தார்.

மாடிக்குழாய் வெளிச்சுவரோடு தனியே இறங்கியது.
எங்கள் ஹோஸ் தொட்டி உயரத்துக்கு
ஒரு சுற்று மேலேறி வந்து கிளாம்ப்பில் அடங்கியது.
அடியில் ஒரு வளைவு வைத்தார்,
தூங்கும் குழந்தையின் முழங்கால் மாதிரி.
"இதுல எப்பவும் ஒரு டம்ளர் தண்ணி நிக்கும்.
அதத் தாண்டி வாடை வராது.
ஊருக்குப் போனா ஒரு செம்பு ஊத்திட்டுப் போங்க.
காஞ்சிருச்சுன்னா திரும்ப வந்துரும்."

ஒரு டம்ளர் தண்ணீர்.
மாடி, கீழ்வீடு, தெரு, அடுத்த தெரு,
அத்தனை பேர் கழிவையும்
வாசலிலேயே நிற்கச் சொல்ல
அவ்வளவு போதும்.

இரண்டாயிரத்து நானூறு ஆனது.
பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார் சார்.
மீதிப் பாதி எதற்கென்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன்.
புளி கொதித்து, அயிரை துள்ளி அடங்கி,
வாசம் மாடிப்படி ஏறிப்போனது.

தொட்டித் துவாரத்தைச் சுற்றி
நீலமாக ஒரு வளையம் தங்கிவிட்டது.
சபீனா போட்டுத் தேய்த்தால் போய்விடும்.
தேய்க்கவில்லை.