இருபத்திரண்டு கிலோ

சனையா மூன்றில்
டயர்க்கடைக்கும் பரோட்டாக்கடைக்கும் நடுவே
ஜர்வலியின் கடை.
ஜும்மா முடிந்து ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.
குனிந்து உள்ளே போனேன்.

ஒரு மாதமாய்ப் போட்ட கணக்கு:
ரோலாவிலிருந்து நஹ்தா ஏழு கிலோமீட்டர்.
பஸ் என்றால், நின்று வேர்க்கும் நேரத்தையும் சேர்த்து
ஐம்பது நிமிடம்.
டாக்ஸி என்றால் இரண்டு நாள் மதியச் சோறு.
அன்வரின் கள்ள டாக்ஸியில்
பின்சீட்டில் நான்காவது ஆளாக,
விலாவில் யாரோ ஒருவரின் முழங்கை.
அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

எண்ணூறு திர்ஹம் வண்டியை முதலில் காட்டினார்.
தடித்த டயர். கப்பல் மாதிரி ஹாரன்.
"ஒரு சார்ஜுக்கு அறுபது கிலோமீட்டர், சிஸ்டர்."
அறுபதை இரண்டால் வகுத்தேன்.
ஏஜென்ட் சொன்ன சம்பளத்தை
வந்திறங்கிய அன்றே வகுக்கக் கற்றவள்.
ஆகஸ்ட் வெயிலுக்கென்று இன்னும் ஐந்து கழித்தேன்.
மிச்சமே தாராளம்தான்.
ஆனால் பேட்டரி சட்டத்துக்குள் புதைந்திருந்தது,
கழற்ற வராது.

எங்கள் அறைக் கதவில் ஒரு தாள் இருக்கிறது:
சைக்கிள் பேட்டரி இங்கே சார்ஜ் போடாதே.
நாத்தூர் ஒட்டியது,
மூன்று மொழியில், மூன்றிலும் பிழையோடு.
பிழையாய் இருந்தாலும் நியாயம்தான்.
ஆறு கட்டில், ஒரு கதவு.
எதிர்க் கட்டிடத்தின் நான்காம் மாடி ஜன்னலில்
கரியை இன்னும் யாரும் துடைக்கவில்லை.
மேல்கட்டில் ஷைனி
துணி காயப்போடும்போது அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

மூலையில் நின்றது நானூற்றைம்பது.
ஒரு டெலிவரிப் பையன் விட்டுப்போனது.
சீட் அவன் உடம்புக்கு வளைந்திருந்தது.
பேட்டரிக்கு என்ன வயசு?
"புதுசு மாதிரி."
மாதிரி என்ற சொல்லுக்கு
நானூற்றைம்பது கொடுப்பதாயில்லை.

பிறகு அவராகவே உள்ளே போய்
மடக்கு வண்டி ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தார்.
சாவியைத் திருப்பினால் பேட்டரி
டிபன்பாக்ஸ் போலக் கையோடு வருகிறது.
ஆயிரத்து நூற்றைம்பது.
எத்தனை கிலோ என்றேன்.
"லைட்" என்றார்.

நானே தூக்கிப் பார்த்தேன்.
ஒன்பது வருடமாய் ஏர்போர்ட் தராசுக்கு முன்னால்
பெட்டி தூக்கிப் பழகிய கை இது.
முப்பதையும் முப்பத்தொன்றையும்
கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லும்.
அந்த ஒரு கிலோவுக்காகத்தான்
வரிசை மொத்தமும் பார்க்க
பால்பவுடர் டின்னை எடுத்துக் கோட்டுப் பையில் திணித்தது.
"இருபத்திரண்டு" என்றேன்.
ஜர்வலி நம்பவில்லை.
பழைய இரும்புக்காரனின் தராசை இழுத்துவரச் சொன்னார்.
இருபத்திரண்டே கால்.
கேட்காமலே நூறு குறைத்தார்.
கேட்டு இன்னொரு ஐம்பது குறைத்தேன்.

இன்னும் ஒரு பரீட்சை பாக்கி.
நோன்புக்கு முன்பு நின்ற லிஃப்ட் இன்னும் நிற்கிறது.
மூன்றாம் மாடிக்கு ஐம்பத்துநான்கு படி.
கடையில் படி ஏது,
மரப்பலகை அடுக்கு ஒன்றுதான் கிடந்தது.
வண்டியை மடக்கித் தூக்கி
அதில் ஏறினேன், இறங்கினேன், ஏறினேன்.
ஜர்வலி எண்ணினார், பரோட்டாக்கடைப் பையனும் வந்து எண்ணினான்.
முப்பத்தெட்டில் மூச்சு முட்டியது.
உட்கார்ந்தேன். சுலைமானி வந்தது.
மிச்சம் பதினாறைக்
குடித்த பிறகு ஏறினேன்.

இப்போது பேட்டரி
க்ளினிக்கில் என் பில்லிங் கவுண்டருக்குக் கீழே
ஸ்டேப்ளர் பெட்டிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கோடு கிடக்கிறது.
மேனேஜர் கேட்டால் சொல்ல ஒரு பதில் உண்டு.
இன்னும் கேட்கவில்லை.

நேற்று சர்வீஸ் ரோட்டில்
அசையாமல் நின்றது அன்வரின் கார்.
நான் கடந்துபோனேன், ஹெல்மெட்டுக்குள் வேர்வை வழிய.
பின்சீட்டில் என் இடத்தில் ஒரு புதுப் பெண்,
பையை மடியில் இறுக்கி,
ஒருபக்கத் தோளைச் சுருக்கி.
என்னைப் பார்த்தாள். பிறகு சக்கரத்தை.

என்றைக்காவது விலை கேட்பாள்.
எடையைத்தான் முதலில் சொல்வேன்.