வாடகை தராத ஒன்றரை அடி

எஜிபுரத்தில் நாலு மாடி,
அதற்கு மேல் தகரக் கூரை.
இருபத்தாறு பையன்கள்
காலையில் ஒரே நேரத்தில் குளிக்க
ஒரு விறகு பாய்லர்.
புகை சரியாக ஏறவில்லை என்று
கூப்பிட்டிருந்தார் முனிரெட்டி.

போன வருஷம் நான் மாட்டிய குழாய்தான்.
அன்று அதைச் சுற்றி வெறும் காற்று.
இன்று பக்கத்தில் ஒரு ப்ளைவுட் சுவர் வந்து நிற்கிறது.
அந்தப் பக்கம் ஒரு கட்டில்,
கட்டிலில் லேப்டாப்போடு ஒரு பையன்.
"இந்த ரூம்தாண்ணா கதகதப்பா இருக்கு" என்கிறான்.

டேப்பை இழுத்தேன்.
மூன்றரை இஞ்சு.
ஒன்றரை அடி வேணும் என்றேன்.
முனிரெட்டி விரல் மடக்கினார்:
ஒன்றரை அடி போனால் கட்டில் போகும்,
கட்டில் போனால் மாசம் ஏழாயிரம்.
"எட்டு மாசமா எரியலயே, பிலவேந்திரா?"

எரியாது.
மரம் முதலில் ஈரத்தைக் கொடுக்கும்.
அப்புறம் நிறத்தை.
தினம் விடியற்காலை ஐந்து மணிக்கு
கொஞ்சம் கொஞ்சமாகக்
கரியாவதற்குப் பழகிக்கொள்ளும்.
பழகப் பழகச் சின்னச் சூடே போதும்,
பொறிகூட வேண்டாம்.
நேற்று தாங்கிய அதே சூட்டில்
ஒரு ஞாயிற்றுக்கிழமை
பற்றிக்கொள்ளும்.

இதை அவருக்குச் சொல்ல வரவில்லை.
அவர் தமிழும் என் கன்னடமும்
விலை பேசத்தான் ஆகும்.

உள்ளே போய்
பாங்க் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினேன்.
பின்னால், தரையிலிருந்து கூரை வரைக்கும்
தேன் நிறத்தில் குழாயின் நிழல்.
வெயிலே இல்லாத அறை அது.

பையன் லேப்டாப்பை மூடினான்.

"ஒரு தகரம் அடிச்சுடு" என்றார்.
சுவரோடு சேர்த்து அடித்தால் தகரமும்தான் சுடும்.
ஒரு இஞ்சு தள்ளி நிறுத்தணும்,
மேலும் கீழும் திறந்து விடணும்,
நடுவில் காற்று ஓடணும்.
அப்படிச் செய்தாலும்
ஆறு இஞ்சுக்குக் குறையக் கூடாது.
"ஆறா..." என்று
சுவரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார்,
பிறகு போன் வந்த மாதிரி
மாடிப்படிப் பக்கம் போய்விட்டார்.

பாய்லர் ஆறியிருந்தது.
கழுத்தில் மூன்று திருகு, கூரையில் ஒரு கிளாம்ப்.
குழாயைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு
நாலு மாடி இறங்கினேன்.
சட்டையெல்லாம் புகைக்கரி.

இரண்டாம் மாடியில் பின்னாலேயே ஓடிவந்தான் பையன்.
"அண்ணா, அண்ணா,
நாளைக்குக் காலைல எனக்கு இன்டர்வியூ."

பச்சைத் தண்ணியில் குளி, தம்பி.